கல்லுமலை முருகன்

ஈப்போக்காரர்களுக்குத் தைப்பூசம் என்றால் கல்லுமலைதான். கல்லுமலை எனப்படும் குனோங் சீரோ சுண்ணாம்புக் குன்றின் குகையில் 1889-இல் முருகன் வழிபாடு தொடங்கியது. கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் கொழித்த காலம் அது. பிழைக்க வந்த நம் ஆட்கள், குன்று கண்ட இடத்தில் குமரனைக் குடிவைத்தார்கள்.

1926-இல் குகைக்குள் பாறை விழுந்து பூசாரி மாண்டார். அதன்பின் கோயில் குகையை விட்டு வெளியே வந்தது. ஆனால் மலை அடங்கவில்லை. 1973-இல் குனோங் சீரோவில் மறுபடியும் பாறை பெயர்ந்து, அடியிலிருந்த வீடுகள் நசுங்கி, சுமார் 40 பேர் இறந்தனர்.

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய என் பாட்டி, சாமிகளுக்கு வேலை பிரித்து வைத்திருந்தார். அம்மை, காய்ச்சல் என்றால் லயத்து மாரியம்மன். பிள்ளை வரம், படிப்பு என்றால் கல்லுமலையான். பூசத்துக்கு முதல் நாளே தோட்டத்து லோரியில் சனம் ஏறிவிடும். ஈப்போவின் புந்தோங் மாரியம்மன் கோயிலில் செம்பு நிறையப் பால் ஊற்றி, வாயை மஞ்சள் துணியால் இறுக்கிக் கட்டித் தலையில் வைப்பார்கள். தார்ச்சாலைச் சூட்டில் வெறுங்காலோடு கல்லுமலை வரை நடை. "துளி சிந்தினாலும் விரதத்தில் குறை" என்பார் பாட்டி.

ஊர்வலம் இன்றும் புந்தோங்கிலிருந்துதான் புறப்படுகிறது. ஆனால் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின. சிதறிய தோட்டத்துச் சனம் ஒருவரையொருவர் தேடிப் பிடித்து நலம் விசாரிப்பது இப்போது பூசத்தன்றுதான்.