ராமர் திரும்பினார், தெரு திரும்பவில்லை!

நடுவர் அவர்களே! பழைய நிகழ்ச்சி வந்தா பழைய காலமே வந்துடும்னு எதிரணி நண்பர் சொன்னார். வரலாற்றைப் பார்ப்போமா?

ராமானந்த் சாகரின் 'ராமாயண்' தூர்தர்ஷனில் தொடங்கியது 1987 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை. எங்க ஸ்ரீமுஷ்ணத்தில் டி.வி. இருந்த வீட்டுக் கூடத்தில் தெருவே உட்கார்ந்திருக்கும். இந்தி யாருக்குங்க தெரியும்? கதை தெரியுமே! மாடியில் ஆண்டெனாவைத் திருப்பிக்கொண்டு ஒரு பையன் "தெரியுதா?" என்பான். கீழிருந்து, "அனுமார் வந்துட்டார், கையை எடுக்காதே!" அந்தப் பையன் நான்தான். பாதி ராமாயணம் நான் பார்க்கவேயில்லை! (கைதட்டல்)

2020 மார்ச் 28-இல் அதே தொடர் மறுபடி வந்தது. மக்கள் கேட்டார்கள் என்றது அரசு. ஊரடங்கு இல்லேன்னா கேட்டிருப்பாங்களா? ஏப்ரல் 16 அன்று மட்டும் 7.7 கோடிப் பேர் பார்த்ததாகத் தூர்தர்ஷன் சொன்னது. அதில் நானும் ஒருவன். கதவைச் சாத்திக்கொண்டு முழுசாகப் பார்த்தேன். பக்கத்து வீட்டிலும் அதே வசனம் கேட்டது. "வாங்க"ன்னு கூப்பிட முடியலையே, நடுவர் அவர்களே!