உத்தரமேரூர்: இரண்டு கல்வெட்டுகளும் இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளும்

உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு அடுத்தடுத்து உள்ளன. ஒன்று அவனது 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919இல் வெட்டப்பட்டது, மற்றது 14ஆம் ஆட்சியாண்டான 921இல் வெட்டப்பட்டது. ஊர் நிர்வாகக் குழுக்களான வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையை இரண்டுமே வகுக்கின்றன. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு எடுக்கும் இந்தக் குடவோலை முறையின் சிறப்பைப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். ஆனால் முதல் விதி எழுதி இரண்டே ஆண்டில் அதைத் திருத்த நேர்ந்தது என்பதுதான் இவற்றில் கவனிக்கத் தக்க செய்தி.

குடவோலை பராந்தகன் கண்டுபிடித்ததல்ல. குடத்திலிருந்து ஓலை எடுக்கும் வழக்கம் அகநானூற்றின் 77ஆம் பாடலிலேயே உவமையாக வந்துவிட்டது. ஊர்ச் சபை உறுப்பினருக்குரிய தகுதிகளைப் பாண்டிய நாட்டு மானூர்க் கல்வெட்டும் ஒரு நூற்றாண்டு முன்பே வரையறுத்திருந்தது. உத்தரமேரூரின் தனிச்சிறப்பு, தன் விதியின் ஓட்டைகளைத் தானே அடைத்ததில் இருக்கிறது.

919இல் அரச ஆணையுடன் வந்த தத்தனூர் மூவேந்த வேளான் உடனிருக்க, சபை முதல் ஏற்பாட்டைச் செய்தது. ஊர் 30 குடும்புகளாக, அதாவது பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி, 30க்கு மேல் 60க்குள் வயது ஆகியவை தகுதிகள். கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் மீண்டும் வரக்கூடாது. பதவி முடித்து இறங்கியவரின் நெருங்கிய உறவினரும் வரக்கூடாது.

நெருங்கிய உறவு எது என்பதை அந்த விதி சொல்லவில்லை. அத்தை மகன் நெருக்கமா, மைத்துனன் நெருக்கமா என்று வழக்காடத் தாராளமாக இடம் இருந்தது. பிறகு நடந்ததைக் கல்வெட்டு விவரிப்பதில்லை. தீயோர் கெட்டு நல்லோர் வாழ வேண்டும் என்ற நோக்கத்தை மட்டும் குறிக்கிறது. ஆனால் 921இன் விதிகளைப் படித்தாலே ஊரில் எது வலித்தது என்று ஊகிக்கலாம்.

இம்முறை அரசனின் ஆணையோடு வந்தவர் கரஞ்சை கொண்டய கிரமவித்த பட்டனாகிய சோமாசிப் பெருமான். புதிய விதி வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை விலக்கியது. அவரோடு அவர் உறவினரையும் ஒவ்வொருவராகப் பெயரிட்டு விலக்கியது. சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மகன், மாமன் மகன், தாயின் உடன்பிறந்தான், தந்தையின் உடன்பிறந்தான், தன் உடன்பிறந்தான், மாமனார், மைத்துனன், சகோதரியின் கணவன், அவள் மகன், மருமகன், தந்தை, மகன் என்று பட்டியல் நீள்கிறது. பினாமியாக ஒருவரை நிறுத்தி அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொள்ளும் வழியை இதைவிட நுணுக்கமாக அடைப்பது கடினம். பிறர் பொருளைக் கவர்ந்தவரும் ஓலையில் பெயர் எழுதப்படும் தகுதியை இழந்தார். வயது வரம்பும் 35க்கு மேல் 70க்குள் என மாறியது.

குலுக்கலையும் சபை ஊர்க் கண் முன்னே கொண்டுவந்தது. சிறியவர் பெரியவர் அனைவரும் கூட, ஊரிலுள்ள கோயில் பூசகர்களான நம்பிமார் ஒருவர் விடாமல் உள்மண்டபத்தில் இருத்தப்பட்டனர். அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கிப் பிடிக்க, உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஒருவன் பட்டப்பகலில் ஒரு குடும்பின் ஓலைக்கட்டை எடுத்தான். கட்டைப் பிரித்து வேறு குடத்திலிட்டுக் குலைத்த பின் ஒரே ஓலை எடுக்கப்பட்டது. அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரியும்படி உள்ளங்கையை நீட்ட வேண்டும். மறைத்த ஓலையை மாற்றிக் கொடுக்க அந்தக் கையில் இடமில்லை. அவன் படித்த பெயரை நம்பிமார் அனைவரும் திரும்பப் படித்த பிறகே பெயர் ஏற்கப்பட்டது.

இவ்வாறு குடும்புக்கு ஒருவராக வந்த 30 பேரில் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்து அனுபவம் பெற்ற, கல்வியிலும் வயதிலும் மூத்த 12 பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்குப் போனார்கள். 12 பேர் தோட்ட வாரியத்துக்கும் 6 பேர் ஏரி வாரியத்துக்கும் போனார்கள். பதவிக்காலம் 360 நாள். இடையில் குற்றம் கண்டால் உடனே நீக்கம்.

இந்த ஊர் பிராமணருக்குக் கொடையாக அளிக்கப்பட்ட பிரமதேயம் என்பதை மறக்கக்கூடாது. நிலமும் வேதமும் உடைய பிராமண ஆண்கள் மட்டுமே குடத்துக்குள் போக முடிந்தது. ஏரி நீரில் நாற்று நட்டவர்களுக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. அதிகாரத்தில் பங்கு பெற்றோர் ஒருவரை ஒருவர் கண்காணிக்கச் செய்த ஏற்பாடு இது. அதிகாரத்தை எல்லோருக்கும் பகிர்ந்த ஏற்பாடு அல்ல.

கணக்கனைப் பற்றிய விதியும் திருத்தத்தில் உண்டு. நேர்மையாகப் பொருள் ஈட்டியவனே ஊர்க் கணக்கு எழுதலாம். ஒரு முறை எழுதியவன் அந்தக் கணக்கைச் சபையினரான பெருங்குறிப் பெருமக்களிடம் காட்டித் தூயவன் என்று தீர்ந்த பின்பே மறுபடி கணக்கு எழுத வர முடியும். அவனவன் எழுதிய கணக்கை அவனவனே காட்ட வேண்டும். வேறொரு கணக்கன் புகுந்து அதை முடித்துவைக்க அனுமதி இல்லை.