வைரி என்றொரு பெயர்

சேலம், நாமக்கல் சமவெளிக்கு மேற்கே, கோவையை அடுத்துள்ளது சூலூர். கடலில்லாத அவ்வூருக்கு 1945இல் ஒரு போர்க்கப்பலின் பெயர் வந்தது. தரையிலுள்ள தன் நிலையங்களையும் கப்பலாகவே கருதிப் பெயரிடுவது பிரித்தானியக் கடற்படையின் மரபு. ஜப்பானுடனான போர்க்காலத்தில் அதன் விமானத் தளங்களுள் கோவை 'கருடா' ஆயிற்று, தாம்பரம் 'வல்லூறு', சூலூர் 'வைரி'.

வைரி, தமிழில் ஒரு வேட்டைப் பறவை. பகைவன் என்றும் பொருள்படும். அவ்வாண்டே போர் முடிந்தது. 1946இல் வைரி கலைக்கப்பட்டது.

விடுதலைக்குப் பின் சூலூர் இந்திய விமானப் படைத் தளமாயிற்று. விமானங்களைப் பழுதுபார்க்கும் பணிமனையும் அமைந்தது. உள்நாட்டில் உருவான தேஜஸ் போர் விமானங்களின் முதல் அணி 2018இல் இங்கு வந்தது. 2021 டிசம்பர் 8 அன்று இங்கிருந்து எழுந்த ஹெலிகாப்டர் குன்னூர் அருகே வீழ்ந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதிலிருந்த 14 பேரையும் இழந்தோம். 2024இல் நடந்த 'தரங் சக்தி' பயிற்சிக்குப் பிரித்தானிய விமானப் படை விருந்தாளியாக வந்து சென்றது. தளத்தை அமைத்தவர்க்கு நாம் விருந்தளித்தோம். காலத்தின் விளையாட்டு அது.

சேலத்துக்கும் இக்கதையில் பங்குண்டு. 2019இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளுள் கோவையும் சேலமும் அடங்கும். நம் வகுப்பறைப் பிள்ளைகள் நாளை போர் விமான உறுப்புகளைச் செய்யக்கூடும். வைரி என்ற சொல்லின் இரு பொருளையும் அவர்களுக்குக் கற்பித்து அனுப்புவோம். பறவையை மட்டும் கண்டு வியந்து, பகையை மறந்துவிடலாகாது.