மை காயுமுன்னே

2020 மார்ச் 20 ஆம் திகதி மாலை பிறப்பிக்கப்பட்ட ஊரடங்கு, கொழும்பில் மே 26 வரை நீடித்தது. அந்நாட்களில் நண்பர் ஒருவர் காலமானார். முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அச்சிட அச்சகம் எதுவும் திறந்திருக்கவில்லை. வீட்டிலுள்ள இங்க்ஜெட் அச்சுப்பொறியில் நாலு பக்கமாவது எடுத்துத் தருகிறேன் என்று அவரது மகனிடம் ஒப்புக்கொண்டேன். வெளிவந்த கடதாசியிலோ நண்பரின் முகத்துக்குக் குறுக்கே வெள்ளைக் கோடுகள். வாரக்கணக்கில் தொடாதிருந்த பொறியின் துளைகளில் மை காய்ந்துவிட்டிருந்தது.

ஊரடங்கு நீங்கியதும் பாமன்கடையில் திருத்தும் கடை ஒன்றுக்கு அதை எடுத்துச் சென்றேன். கழற்றிப் பார்த்த இளைஞர், "தலை அடைச்சுப் போச்சு, ஐயா. கிழமைக்கு ஒருக்காவெண்டாலும் ஒரு பக்கம் அடிச்சிருந்தா இப்பிடி வந்திராது" என்றார். வாழ்நாளெல்லாம் மையோடு வாழ்ந்த எனக்கு, நான் மறந்துபோன பாடத்தை அவர் நினைவூட்டினார்.

பாடம் மிகப் பழையது. ஒல்லாந்தர் 1737 இல் கொழும்பில் அச்சுக்கூடம் நிறுவிய காலத்தில், அச்சுத் தொழிலில் மை பூசப் பயன்பட்டவை கம்பளி மயிர் அடைத்த தோல் உருண்டைகள். தோல் விறைத்துவிடாமலிருக்க ஐரோப்பிய அச்சகங்களில் இரவுதோறும் அவற்றைச் சிறுநீரில் ஊறவைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வச்சிரப்பசையும் சர்க்கரைப் பாகும் சேர்த்து வார்த்த உருளைகள் வந்தன. ஆறுமுக நாவலர் சென்னையிலிருந்து அச்சியந்திரம் கொண்டுவந்து வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவிய 1849 ஆம் ஆண்டு அந்த உருளைகளின் காலத்தைச் சேர்ந்தது. நம் நாட்டு வெயிலில் அவை இளகும். தண்ணீர் பட்டால் கரையும். மையோ ஆளிவிதை எண்ணெயில் குழைத்த கரி. காற்றுப் பட்டால் இறுகும். ஆகவே வேலை முடிந்த கையோடு துடைத்தாக வேண்டும். எழுத்துக்களைக் காரநீரால் கழுவிய வழக்கம், பிற்காலத்தில் மண்ணெண்ணெய்க்கு மாறியது.

வீரகேசரி 1930 இலும் தினகரன் 1932 இலும் தோன்றியபின் கொழும்பு, தமிழ் நாளேடுகளின் தலைநகரானது. எழுபதுகளில் நான் ஒப்புநோக்குநராகச் சேர்ந்த பத்திரிகையில், கடைசிப் பிரதி இறங்கியதும் மண்ணெண்ணெய் நாற்றம் எழும். சாரத்தை மடித்துக் கட்டிய இருவர், பழந்துணியும் தூரிகையுமாக எழுத்துப் பக்கங்களைக் கழுவுவார்கள். அதன் பின்னரே அச்சுக்கோப்பாளர்கள் எழுத்துக்களைப் பிரித்து அறைகளில் இடுவர்.

ஒரு நாள் அவ்விருவரில் ஒருவர் வரவில்லை. மற்றவர் அவசரத்தில் அரைகுறையாகக் கழுவினார். மறுநாள் வெளியான மரண அறிவித்தலில் இறந்தவரின் பெயரில் ண எது, ன எது என்று தெரியவில்லை. சுழிகளுக்குள் பழைய மை அடைந்து இரண்டும் கரும்புள்ளிகளாகியிருந்தன. குடும்பத்தினர் காரியாலயத்துக்கு வந்தனர். பிழை என் மேசையில் நேர்ந்ததென்றே எல்லோரும் கருதினர். நானும் அன்றுதான் அந்த இருவரின் வேலை இன்னதென்று உணர்ந்தேன்.

இங்க்ஜெட் அந்தக் கைகளை வேண்டாததாக்கும் என்று நினைத்தோம். ஆனால் அதன் வரலாறும் அடைப்போடு நடத்திய போராட்டமே. கடலடித் தந்திச் செய்திகளைப் பதிவு செய்ய, கெல்வின் பிரபு 1867 இல் காப்புரிமை பெற்ற கருவியிலேயே மெல்லிய கண்ணாடிக் குழாய் வழியே மை கடதாசிக்குச் சென்றது. 1977 இல் கெனன் நிறுவன ஆய்வுகூடத்தில் சூடான பற்றாசுக் கோல் ஒன்று மை நிரம்பிய ஊசியில் தற்செயலாகப் பட, மை தெறித்தது. அதிலிருந்து வெப்பத்தால் மை உமிழும் முறை பிறந்தது. ஹியூலட் பக்கார்ட் 1984 இல் வெளியிட்ட திங்க்ஜெட்டில் மைக்கூடும் அச்சுத்தலையும் ஒன்றே. அடைத்தால் இரண்டையும் எறிந்துவிடலாம். எப்சன் 1993 இல் கொணர்ந்த ஸ்டைலஸ் 800 இல் தலை பொறியிலேயே நிலைத்திருந்தது. ஆகவே அதைப் பேணியாக வேண்டும்.

துளைகளோ தலைமயிரிலும் நுண்ணியவை. அவை காயாதிருக்கத் தலை ஓய்வெடுக்கும் இடத்தில் ஒரு றப்பர் மூடியும், ஒரு றப்பர்த் துடைப்பானும், மையை உறிஞ்சும் பஞ்சும் உண்டு. ‘சுத்தம் செய்' என்று கட்டளையிட்டால் பொறி தன் மையையே உறிஞ்சி அந்தப் பஞ்சில் கொட்டும். பஞ்சு நிறைந்ததாகக் கணக்குக் காட்டியதும் சில பொறிகள் வேலைநிறுத்தம் செய்துவிடும்.

இளைஞர் பஞ்சு நூல் உதிராத துணியை வடிநீரில் நனைத்து மூடியையும் துடைப்பானையும் துடைத்தார். தலையைத் தேய்க்கவில்லை, ஈரத்துணியின் மேல் இரவு முழுதும் இருத்தினார். அடுத்தடுத்துச் சுத்தக் கட்டளை கொடுத்து மையை வீணாக்க வேண்டாம் என்றார். சுவரிலுள்ள ஆளியை அணைக்காமல் பொறியின் பொத்தானையே அழுத்த வேண்டும். அப்போதுதான் தலை மூடிக்குள் போய் அமரும் என்றும் சொன்னார். 2022 மார்ச் இறுதியில் ஒரே நாளில் 13 மணிநேரம் மின்சாரம் நின்றபோது அச்சொல்லின் பெறுமதி புரிந்தது. அச்சிடும் நடுவில் மின் அறுந்தால் தலை மூடியின்றி வெளியே நின்று காயும். டொலர் இல்லாமல் புதிய மைக்கூடும் அரிதாகிய காலம் அது. கடதாசி இன்றி அவ்வாண்டு ‘தி ஐலண்ட்' பத்திரிகையின் சனிக்கிழமைப் பதிப்பே நின்றது.

நாளேட்டின் கடைசிப் பக்க அடியில் அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் இருக்கும். மண்ணெண்ணெய்க் கைகளின் பெயர் எந்த நாளிலும் வந்ததில்லை. அவ்விருவரின் பெயர்களை எண்ணிப் பார்க்கிறேன்; ஒருவரின் பெயரே நினைவுக்கு வருகிறது.

நண்பரின் பக்கங்களை இரண்டு மாதம் பிந்தி, முகத்தில் கோடின்றி, மகனிடம் கொடுத்தேன். அன்று முதல் வெள்ளிதோறும் வண்ணத்தில் ஒரு பக்கம் அச்சிடுகிறேன்.