விதைக்கும் முன் 100 விதையை எண்ணிப் பாருங்கள்: பயிருக்குப் பயிர் மாறும் முளைப்பு

நெல் தரிசில் உளுந்து தெளிப்பவருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அறுவடைக்கு முன்பு வயல் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது தெளித்த விதை முளைக்காமல் போனால், வேறு விதை வாங்கி வருவதற்குள் ஈரம் காய்ந்துவிடும். மானாவாரி விதைப்பிலும் இதே நிலைதான். பெய்த மழை ஒன்று, விதைப்பும் ஒன்று. விதையின் முளைப்புத் திறனை முன்கூட்டியே தெரிந்துகொள்ள அதிகச் செலவு ஆகாது. ஒரு பழைய பருத்தித் துணியும் சில நாள் கவனமும் போதும்.

மாணவர்கள் செய்து காட்டும் சோதனை

வேளாண்மைக் கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள், கிராமப்புற வேளாண் பணி அனுபவத் திட்டத்தில் ஊர்களில் தங்கும்போது இந்தச் சோதனையைச் செய்து காட்டுவார்கள். உளுந்து, நெல், நிலக்கடலை, வெண்டை, மிளகாய் என ஐந்து வகை விதைகளை ஒரே நாளில் ஈரத்துணியில் வைப்பார்கள். மூன்றாம் நாள் பிரித்துப் பார்த்தால் உளுந்து நீளமாக வேர் விட்டிருக்கும். நெல்லில் வெள்ளை முனை எட்டிப் பார்க்கும். மிளகாய் வைத்தது வைத்தபடியே கிடக்கும். "மிளகாய் விதை பழுதாகிவிட்டதா?" என்று சுற்றி நிற்பவர்கள் கேட்பது வழக்கம்.

பழுதில்லை. உளுந்தின் வேகத்தை மிளகாயிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஒரு பயிரை இன்னொரு பயிரோடு ஒப்பிட்டால் அவற்றின் குணம் தெரியும். ஒரே பயிரின் இரண்டு மூட்டைகளை ஒப்பிட்டால்தான் விதையின் தரம் தெரியும்.

வேகம் ஏன் மாறுகிறது?

உளுந்து, பாசிப்பயறு போன்றவை தண்ணீரை விரைவாக உறிஞ்சும். ஆனாலும் அவற்றில் சில விதைகள் நீரை உள்ளே விடாமல் கல்லாகக் கிடக்கும். இவற்றைக் கடின விதை என்கிறோம். வெண்டையிலும் இது உண்டு. கொத்தமல்லியில் நாம் விதை என்று சொல்வது உண்மையில் காய். அதற்குள் இரண்டு விதைகள் இருக்கின்றன. அதனால்தான் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து விதைக்கிறோம். புதிதாக அறுவடை செய்த சில நெல் ரகங்களுக்கும், கொடி நிலக்கடலைக்கும் விதை உறக்கம் உண்டு. அவை சில வாரங்கள் கழித்தே நன்றாக முளைக்கும்.

முளைத்த பிறகு வளரும் விதமும் வேறு. உளுந்து, பருத்தி, வெண்டை ஆகியவை இரண்டு வித்திலைகளையும் மண்ணுக்கு மேலே தூக்கிக்கொண்டு வரும். மழை பெய்து மேல்மண் இறுகிவிட்டால் இவற்றின் கழுத்து ஒடியும். நெல், மக்காச்சோளம், துவரை ஆகியவை உணவுச் சேமிப்பை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டுக் குருத்தை மட்டும் மேலே அனுப்பும். தேங்கிய நீரில் நெல் முளை விடும். பயறு விதை அழுகிவிடும். ஆகவே துணியில் முளைத்த அத்தனையும் வயலில் வெளிவரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வீட்டிலேயே செய்யும் முறை

1. மூட்டையின் மேல், நடு, அடி என மூன்று இடங்களிலும் கைவிட்டு விதை எடுத்துக் கலக்கவும். அதிலிருந்து பெரிது சிறிது பார்த்துப் பொறுக்காமல் 100 விதையை எண்ணி எடுக்கவும்.

2. சுத்தமான பருத்தித் துணியை நனைத்துப் பிழியவும். ஈரம் இருக்க வேண்டும். நீர் சொட்டக் கூடாது.

3. விதைகள் ஒன்றையொன்று தொடாதபடி பத்துப் பத்தாக வரிசையில் வைத்து, துணியைத் தளர்வாகச் சுருட்டி நிழலில் வைக்கவும். தினமும் ஈரம் பார்த்துத் தண்ணீர் தெளிக்கவும். நிலக்கடலைக்கு ஈர மணல் நிரப்பிய தட்டு நல்லது. தோல் உரியாத பருப்பாகப் பார்த்து வைக்கவும்.

4. கடைசி நாளில், வேரும் குருத்தும் இரண்டும் நன்றாக உள்ள நாற்றுகளை மட்டும் எண்ணவும். வேர் இல்லாதது, குருத்து ஒடிந்தது, அழுகியது ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

முளைக்காத விதையை விரலால் அழுத்திப் பாருங்கள். கூழாக நசுங்கினால் அது செத்த விதை. கெட்டியாக இருந்தால் கடின விதையாகவோ உறக்கத்தில் உள்ள விதையாகவோ இருக்கலாம்.

எத்தனை நாள், எத்தனை சதவீதம்?

கடைசியாக எண்ண வேண்டிய நாளும், சான்று விதைக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச முளைப்பும்:

நெல்: 14 நாள், 80 சதவீதம்
உளுந்து: 7 நாள், 75 சதவீதம்
மக்காச்சோளம் (வீரிய ஒட்டு): 7 நாள், 90 சதவீதம்
நிலக்கடலை: 10 நாள், 70 சதவீதம்
எள்: 6 நாள், 80 சதவீதம்
மிளகாய்: 14 நாள், 60 சதவீதம்
வெண்டை: 21 நாள், 65 சதவீதம்

மிளகாயில் 60 முளைத்தால் தேறியது. நெல்லில் 60 முளைத்தால் தேறவில்லை. நம் ஊர் வெப்பத்தில் பெரும்பாலானவை இந்த நாட்களுக்கு முன்பே முளைத்துவிடும். ஆனாலும் கடைசி நாள் வரை பொறுத்திருந்து முடிவெடுங்கள்.

விதை அளவை மாற்றுவது எப்படி?

ஏக்கருக்கு 10 கிலோ உளுந்து விதைக்கும் ஒருவரின் விதையில் 100க்கு 60தான் முளைத்தது என்று வைத்துக்கொள்வோம். இருக்க வேண்டியது 75. 10 கிலோவை 75ஆல் பெருக்கி 60ஆல் வகுத்தால் 12.5 கிலோ வருகிறது. அதாவது இரண்டரைக் கிலோ கூடுதலாகத் தேவை. பாதிக்கும் கீழே போய்விட்டால் இந்தக் கணக்கு உதவாது. அப்படிப்பட்ட மூட்டையில் முளைக்கும் விதையும் நோஞ்சானாகவே இருக்கும். அதை விதைக்குப் பயன்படுத்தாமல் விடுவதே லாபம்.

இரண்டு மூட்டைகளில் எது மேல்?

இரண்டிலும் 80 முளைத்தால் நாற்றின் நீளத்தைப் பாருங்கள். பத்து நாற்றுகளை எடுத்து, வேர் நுனி முதல் குருத்து நுனி வரை ஸ்கேலால் அளந்து சராசரி காணவும். முளைப்புச் சதவீதத்தை இந்த நீளத்தால் பெருக்கினால் கிடைப்பது வீரியக் குறியீடு. 80 சதவீதமும் 20 சென்டிமீட்டரும் என்றால் 1,600. 80 சதவீதமும் 15 சென்டிமீட்டரும் என்றால் 1,200. முதல் மூட்டையை விதைக்க எடுங்கள். இந்த எண்ணை ஒரே பயிருக்குள், ஒரே நாளில் வைத்த இரண்டு சுருள்களுக்கு இடையில் மட்டுமே ஒப்பிட வேண்டும். கடலையையும் எள்ளையும் ஒப்பிடுவதில் பொருளில்லை.

கடையில் வாங்கிய சான்று விதையாக இருந்தாலும் அட்டையில் உள்ள காலாவதித் தேதியைப் பார்த்து, 100 விதையைத் துணியில் வைத்துப் பாருங்கள். அட்டையையும் ரசீதையும் அறுவடை வரை பத்திரமாக வைத்திருங்கள். ஐயம் இருந்தால் அருகிலுள்ள அரசு விதைப் பரிசோதனை நிலையத்துக்கு மாதிரி அனுப்பலாம். உளுந்துக்கு ஒரு வாரம், நெல்லுக்கு இரண்டு வாரம் என்று பின்னோக்கிக் கணக்கிட்டு, விதைப்புக்கு முன்பே சோதனையைத் தொடங்குங்கள். மழை வந்த பிறகு எண்ணிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.