சொந்தமா, சுகரா? அல்லிநகரத்து மாரடைப்பும் மரபணுக் கணக்கும்

தேனி அல்லிநகரத்தில் சுகர்காரர் ஒருவர் ஐம்பது வயதுக்குள் மாரடைப்பில் போய்விட்டால், துக்க வீட்டில் இரண்டு விளக்கங்கள் உடனே கிடைக்கும். ஒன்று, ‘அவங்க வம்சமே அப்படி’. மற்றொன்று, ‘சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கிட்டு வந்த வினை’. முதலாவதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவது, மாரடைப்பைப் பொறுத்தவரை, கணக்குக்கு நிற்பதில்லை.

டாக்டர் வி. மோகன் குழுவினர் சென்னையில் நடத்திய மக்கள்தொகை ஆய்வின் முடிவு 2001இல் வெளியானது. இதயத் தமனி நோய், சர்க்கரை இயல்பாக இருந்தவர்களில் 9.1 விழுக்காட்டினருக்கும் நீரிழிவாளர்களில் 21.4 விழுக்காட்டினருக்கும் இருந்தது. இந்த இடைவெளியில் மரபணுவின் பங்கு என்ன?

2013இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஒரு விடையைச் சொன்னார்கள். முதலாம் குரோமோசோமில் ‘குளுல்’ என்ற மரபணுவுக்கு அருகே உள்ள ஒரு மாறுபாடு, நீரிழிவாளர்களின் இதய நோய் வாய்ப்பை 36 விழுக்காடு கூட்டுகிறது. வியப்பு அதுவல்ல, நீரிழிவு இல்லாதவர்களிடம் அதே மாறுபாடு ஒன்றும் செய்வதில்லை. குளுல் என்பது குளுட்டமின் தயாரிக்கும் நொதிக்கான மரபணு. இயல்பான உடலில் சும்மா கிடக்கும் மாறுபாடு, சர்க்கரை மிகுந்த உடலில் வம்புக்கு வருகிறது.

ஒன்பதாம் குரோமோசோமின் 9பி21 பகுதி இன்னும் தெளிவான சாட்சி. அங்குள்ள மாறுபாட்டுக்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பு 2007இல் தெரியவந்தது. மறு ஆண்டே பாஸ்டனின் ஜாஸ்லின் நீரிழிவு மையத்தைச் சேர்ந்த அலெஸ்ஸாண்ட்ரோ டோரியா குழுவினர் அதை நீரிழிவாளர்களிடம் சோதித்தனர். தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று என இரு பிரதிகளிலும் அந்த மாறுபாடு இருந்தவர்களுக்கு, சர்க்கரை கட்டுக்குள் இருந்தபோது ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு. நீண்ட காலம் கட்டுக்கு அடங்காதபோது நான்கு மடங்கு. ஆக, ‘வம்சம்’ என்பது தனிக் கணக்கல்ல. அதன் வட்டி விகிதத்தை மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைதான் நிர்ணயிக்கிறது. இவை பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் கண்டவை என்பதால், அந்த மடங்குகளை அப்படியே கம்பம் பள்ளத்தாக்குக்கு இறக்கிவிட முடியாது. திசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

நம் மக்களிடமே அளந்த ஒரு மரபணுவும் உண்டு. ஆனால் அது நோயைத் தருவதில்லை, மருந்தைத் தடுக்கிறது. தமிழ்நாடு அரசு 2023 ஜூன் மாதம் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சுவலியோடு துணை சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு 14 மாத்திரைகள் தரப்படுகின்றன: ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. இவற்றில் குளோபிடோகிரல் விழுங்கியவுடன் வேலை செய்யாது. கல்லீரலில் ‘சிஒய்பி2சி19’ என்னும் நொதி அதை மாற்றிக்கொடுத்தால்தான் இரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும். அந்த நொதியைச் செயலிழக்கச் செய்யும் வடிவம், தமிழரிடம் உள்ள அந்த மரபணுப் பிரதிகளில் ஏறக்குறைய 38 விழுக்காடு என்று புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் அதிதன் குழுவினர் கண்டனர். நீரிழிவாளரின் தட்டணுக்களோ இயல்பிலேயே கூடுதலாக ஒட்டும் தன்மை கொண்டவை.

இங்கேதான் சொந்தத்துக் கல்யாணக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 38 விழுக்காடு பரவிய ஒரு வடிவம், உறவுமுறை இல்லாப் பெற்றோரின் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேருக்கு இரட்டையாக அமையும். தாய்மாமனைக் கட்டியவரின் பிள்ளைகளில் அது 17. வித்தியாசம் மூன்றே பேர். நூற்றில் ஒன்றாக மட்டும் காணப்படும் அரிய வடிவம் என்றால் கதை வேறு: பத்தாயிரத்தில் ஒருவருக்கு வருவது பதின்மூன்று பேருக்கு வரும். பிறவி வளர்சிதைக் கோளாறுகள் பல இந்த இரண்டாம் வகை. மாரடைப்பின் மரபணுக்கள் பெரும்பாலும் ஊரெங்கும் பரவிக் கிடக்கும் முதல் வகை. சொந்தத்தில் கட்டாதவரும் அவற்றிலிருந்து தப்புவதில்லை. அத்தை மகனைக் கட்டிய அம்மாவைக் குற்றவாளி ஆக்குவது அறிவியல் அல்ல.

குளோபிடோகிரலைத் தடுக்கும் வடிவத்துக்கு அஞ்சித் துணை சுகாதார நிலையத்தின் 14 மாத்திரைகளை யாரும் மறுக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் மரபணு பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கூடவே ஆஸ்பிரினும் இருக்கிறது. கேள்வி, குளோபிடோகிரலைத் தொடரும் அடுத்த ஓராண்டுக்கானது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010இலேயே குளோபிடோகிரல் அட்டையில் இந்த மரபணு குறித்துக் கட்டமிட்ட எச்சரிக்கையைச் சேர்த்தது. தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும் க.விலக்கில், ஸ்டென்ட் வைத்த நீரிழிவாளர்களுக்காவது அந்த ஒரு மரபணுவை ஒருமுறை பார்க்க வழி செய்யலாம். இரட்டைப் பிரதி உள்ளவர்களுக்கு, தகுந்தவர்களாக இருப்பின், அந்த நொதியை நம்பியிராத டிகாகிரிலோர் மாத்திரை ஏற்கெனவே சந்தையில் இருக்கிறது.