முதிர்ந்த கோப்புச் சேர்வரும் அதன் பெக்கப்பும்: புல்மோட்டைக் கரையோர அலுவலகங்களை முன்வைத்து

கோப்புச் சேர்வர் என்பது ஓர் அலுவலகத்தின் கடிதங்கள், கணக்குகள், பதிவேடுகள், ஸ்கேன் செய்த படிவங்கள் எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்து, அங்குள்ள மற்றக் கணினிகளுக்கு வலையமைப்பு வழியாகக் கொடுக்கும் கணினி. சிறிய அலுவலகங்களில் இந்த வேலைக்கென்றே வாங்கிய சேர்வர் இருப்பது அரிது. மேசைக் கணினியாக உழைத்து முடித்த ஒன்று, மொனிட்டர் கழற்றப்பட்டு, மூலையில் இரவுபகலாக ஓடிக்கொண்டிருக்கும். பெக்கப் என்பது அந்தக் கோப்புகளின் பிரதி. சேர்வர் அழியும்போது தானும் அழிந்துவிடாத இடத்தில் இருக்கும் பிரதிக்கே அந்தப் பெயர் பொருந்தும்.

இலங்கையில் பழைய கருவிகள் நீண்ட காலம் பாவனையில் இருப்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் டொலரின் விலை சில மாதங்களுக்குள் 200 ரூபாய் அளவிலிருந்து 360 ரூபாய் அளவுக்கு ஏறியது. கணினி, வன்தட்டு, யூ.பி.எஸ். பற்றரி எல்லாமே இறக்குமதிப் பொருட்கள். 10 ஆண்டு பழைய கணினியில் கோப்புகளை வைத்திருக்கும் அலுவலகத்தைக் குறைசொல்ல இங்கே எவருக்கும் உரிமை இல்லை. கேட்கவேண்டிய கேள்வி, அந்தக் கோப்புகள் வேறு எங்கே இருக்கின்றன என்பதே.

சூழல்

புல்மோட்டை திருகோணமலை நகரிலிருந்து வடக்கே சுமார் 55 கிலோமீற்றர் தொலைவில், குச்சவெளிப் பிரதேச செயலகப் பிரிவில், கொக்கிளாய்க் களப்புக்குத் தெற்கே உள்ள கடற்கரையூர். இல்மனைட், ரூடைல், சிர்க்கோன் கலந்த கனிய மணலுக்குப் பெயர்பெற்றது. மணல் தொழிலுக்காக 1957 இல் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. இன்று லங்கா மினரல் சாண்ட்ஸ் என்ற அரச கம்பனி அதை நடத்துகிறது. மீன்பிடியும் வியாபாரமும் ஊரின் மற்றத் தொழில்கள்.

கணினிக்கு இந்தக் கரை இரக்கம் காட்டாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் சூடும் நுண்மணலும் சேர்ந்து விசிறிகளை அடைக்கும். வாடைக்காலத்தில் ஈரமும் உப்பும் உள்ளே போகும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுத்துவைத்திருப்பதால் மெமரி அட்டையின் கால்களும் கேபிள் முனைகளும் துருவேறி, காரணம் பிடிபடாத தடங்கல்கள் வரும். பெரிய ஆபத்துகளும் இந்தக் கரைக்குப் புதியவை அல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமி திருகோணமலை மாவட்டக் கரை முழுவதையும் தாக்கியது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கேயுள்ள கரையிலேயே நிலத்தைத் தொட்டது. ஆகவே சேர்வர் இருக்கும் கட்டடத்திலேயே பெக்கப் தட்டையும் வைப்பது இங்கே அரைவாசிக் காவல்தான்.

மின்சாரத்தையும் சேர்த்தே எண்ணவேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் இருண்டது. சிறிய யூ.பி.எஸ். பெட்டிகளில் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 அம்பியர்-மணி ஈய அமிலப் பற்றரி. அறையின் சூடு ஏறஏற அதன் ஆயுள் வேகமாகக் குறையும். வெளிச்சம் பச்சையாக எரிந்தாலும், கரண்ட் போனவுடன் ஒரு நிமிடம்கூடத் தாங்காத பெட்டிகள் பல அலுவலகங்களில் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது மின் நின்றால், பழைய தட்டின் கோப்பு அட்டவணையே சிதையலாம்.

முதுமையின் அறிகுறிகள்

வன்தட்டு சாவதற்கு முன் எச்சரிக்கும் என்று நம்புவோர் பலர். கூகுள் நிறுவனம் தன் 1,00,000 க்கு மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து 2007 இல் வெளியிட்ட கட்டுரை அந்த நம்பிக்கையைப் பாதியாகக் குறைத்தது. வாசிப்புப் பரிசோதனையில் முதல் பிழை காட்டிய தட்டு, அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு பிழை காட்டாத தட்டைவிட 39 மடங்கு அதிகம். ஆனால் பழுதான தட்டுகளில் 56 சதவீதத்துக்கு மேற்பட்டவை, முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றையும் காட்டாமலே போயின. எச்சரிக்கை வந்தால் அன்றே செயற்படவேண்டும். வராததை நலத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டு தட்டுகளில் ஒரே தரவை ஒரே நேரத்தில் எழுதும் ரெய்ட் அமைப்பு, ஒரு தட்டுப் பழுதானாலும் வேலை நிற்காமல் காக்கும். ஆயினும் அது பெக்கப் ஆகாது. யாரோ தவறுதலாக அழித்த கோப்புறை இரண்டு தட்டிலும் ஒரே கணத்தில் அழியும். முதிர்ந்த கருவியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரே நாளில் வாங்கிய தட்டுகள் ஒரே அளவு தேய்ந்திருக்கும். ஒன்று போனபின் புதிய தட்டைப் போட்டு மீளக் கட்டும்போது, எஞ்சிய கிழத்தட்டை முதலிலிருந்து கடைசிவரை மணிக்கணக்காக வாசிக்கவேண்டும். அந்த உழைப்பிலேயே அதுவும் விழுந்துவிடலாம். ரெய்ட் வேலையைத் தனி அட்டை பார்த்துவந்து, அந்த அட்டை பழுதானால், அதே வகை அட்டை கிடைக்கும்வரை தட்டுகள் நலமாக இருந்தும் வாசிக்க முடியாமல் போகலாம்.

தாய்ப்பலகையிலுள்ள காசளவு பற்றரி தீர்ந்துபோவது சிறிய விடயமாகத் தோன்றும். மின் நின்று வரும் ஒவ்வொரு தடவையும் கணினியின் திகதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போகும். கோப்பு மாறிய நேரத்தைப் பார்த்துப் பிரதி எடுக்கும் மென்பொருள், இன்று திருத்திய கோப்பைப் பழையது என்று எண்ணித் தள்ளிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. சில நூறு ரூபாய் பற்றரி ஒன்றால் ஒரு மாதப் பெக்கப் வெறுமையாகப் போவது இப்படித்தான்.

2023: இலங்கை அரச முகில்

முதிர்ந்த சேர்வரும் பெக்கப் இன்மையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இலங்கை தன் சொந்தச் செலவில் கண்டது. அரச நிறுவனங்களின் மின்னஞ்சல்கள் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையத்தின் கீழ், இலங்கை அரச முகில் (கிளவுட்) சேவையில் இருந்தன. அதில் ஓடியது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல் மென்பொருளின் 2013 பதிப்பு. அந்தப் பதிப்புக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2023 ஏப்ரல் 11 உடன் நிறுத்தியது. புதிய பதிப்புக்கு மாறும் திட்டம் 2021 முதலே இருந்தது; நிதிப் பற்றாக்குறையும் நிர்வாக முடிவுகளின் தாமதமும் அதைத் தள்ளிக்கொண்டே போயின.

2023 ஆகஸ்டு இறுதியில் பணயக் கப்பம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதல் வந்தது. அமைப்பைச் சுமார் 12 மணிநேரத்துக்குள் மீண்டும் ஓடவைத்தார்கள். ஆனால் மே 17 முதல் ஆகஸ்டு 26 வரையான மின்னஞ்சல்களுக்குப் பெக்கப் இருக்கவில்லை. அமைச்சரவை அலுவலகம் உட்பட, ஏறத்தாழ 5,000 முகவரிகளின் மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட கடிதங்கள் திரும்பி வரவில்லை. அதன் பின்னரே, வலையமைப்போடு தொடர்பில்லாத பிரதியை நாள்தோறும் எடுக்கும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. மென்பொருள் பழையதாக இருந்தது கதவைப் பலவீனமாக்கியது. கடிதங்கள் தொலைந்ததற்குக் காரணம் பிரதி இல்லாதது. புதிய பதிப்புக்குப் பெருந்தொகை செலவாகியிருக்கும். கழற்றி வைக்கக்கூடிய தட்டில் ஒரு பிரதிக்கு அத்தனை செலவாகாது. தாமதத்தை மன்னிக்கலாம், பிரதி இல்லாததை மன்னிக்க முடியாது. இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2021 இல், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் தரவுகள் அதே அரச முகிலிலிருந்து அழிந்து, விடயம் குற்றப்புலனாய்வுத் திணைக்களம் வரை போயிருந்தது.

செல்வந்த நாடுகளும் விதிவிலக்கல்ல. தென்கொரியாவின் டேஜோன் நகரிலுள்ள தேசிய தரவு நிலையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று பற்றிய தீ, பரிந்துரைத்த ஆயுள் கடந்த லித்தியம் பற்றரிகளை இடம்மாற்றும்போது தொடங்கியது. அரச ஊழியர்களின் கோப்புச் சேமிப்பகம் ஒன்று, 858 டெராபைட் தரவோடு, வெளிப்பிரதி எதுவும் இன்றி அழிந்தது. பிரதி எடுக்க முடியாத அளவுக்குப் பெரியது என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டது. சிறிய அலுவலகத்தின் கோப்புகள் ஒரு வெளித்தட்டுக்குள் அடங்கிவிடும்; அந்தச் சாக்கு இங்கே செல்லாது.

பிரதி எடுக்கும் ஒழுங்கு

புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய மூன்று-இரண்டு-ஒன்று விதி இன்றும் போதுமானது: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்களில், ஒன்று வேறிடத்தில். புல்மோட்டையில் அந்த வேறிடம் கடலோர வீதியிலேயே உள்ள இன்னொரு வீடாக இருந்தால் பயன் குறைவு. மேற்கே பதவியா, அனுராதபுரம் பக்கமாக உள்நாட்டில் இருப்பது நல்லது. இரண்டு வெளித்தட்டுகளை வாரம் மாற்றி மாற்றிப் பாவித்தால், ஒன்று எப்போதும் கழற்றிய நிலையில் இருக்கும். கழற்றியதைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுகும் பெட்டியில் வைக்கவேண்டும். அலுமாரியில் நெடுநாள் கிடக்கவேண்டிய பிரதிக்கு எஸ்.எஸ்.டி. ஏற்றதல்ல, மின்சாரம் இல்லாமல் கிடக்கும்போது அதிலுள்ள தரவு மெல்ல மங்கக்கூடும்.

முதல் பிரதி எடுக்கும் நாள்தான் ஆபத்தானது. நீண்ட நாட்களாக நிற்காமல் ஓடிய சேர்வரைத் தூசி தட்டுவதற்காகக்கூட நிறுத்தக் கூடாது. நின்ற தட்டு மீண்டும் சுழலாமல் போகலாம். ஓடும் நிலையிலேயே, சம்பளப் பட்டியல், கணக்கு, அங்கத்தவர் பதிவு என்று மீளப் பெறமுடியாதவற்றை முதலில் எடுத்து, படங்களையும் மென்பொருள் கோப்புகளையும் கடைசிக்கு விடவேண்டும். நேரத்தையும் கணக்கிட்டு வைத்திருக்கவேண்டும். 500 ஜிகாபைட்டைப் பழைய 100 மெகாபிட் வலையமைப்பில் நகர்த்த ஏறத்தாழ 12 மணிநேரமும், யூ.எஸ்.பி. 2 வழியாக 5 மணிநேரமும் ஆகும். நொடிக்கு 10 மெகாபிட் ஏற்றும் இணைய இணைப்பில் 4 நாட்களுக்கு மேல் ஓடும். எனவே முழுப்பிரதி தட்டில், அன்றாட மாற்றம் மட்டும் இணையத்தில் என்று பிரிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். லினக்ஸில் ஆர்சிங்க் இதற்கு உகந்தது. மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் இந்த மென்பொருளை 1996 இல் வெளியிட்ட இருவரில் ஒருவரான அவுஸ்திரேலியர் அன்ட்ரூ டிரிட்ஜெல், லினக்ஸ் கணினியை விண்டோஸ் கணினிகளுக்குக் கோப்புச் சேர்வராக்கும் சம்பாவையும் தொடங்கியவர். விலையில்லாமல் கிடைக்கும் இந்த இரண்டு மென்பொருட்களும் பழைய கணினியிலும் தாராளமாக ஓடும்.

கணக்கு மென்பொருள் திறந்திருக்கும்போது அதன் தரவுக்கோப்பைப் பிரதி செய்தால், பாதி பழையதும் பாதி புதியதுமாக விழும். மாலை எல்லோரும் மூடியபின் எடுப்பது நல்லது.

தமிழ் அலுவலகங்களுக்கே உரிய இன்னொன்றையும் சேர்க்கவேண்டும். யூனிகோடு பரவுவதற்கு முன் இலங்கையில் தட்டச்சான தமிழ்க் கடிதங்களில் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் உள்ளது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பு திறக்கும். திரையில் வருவது பொருளற்ற ஆங்கில எழுத்துகள். எழுத்துருக் கோப்புகளையும் பெக்கப்பில் வைப்பதும், முக்கிய ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றிவைப்பதும் பிரதி எடுப்பதன் பகுதிகளே.

மீட்டுப் பார்த்தல்

2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிறுவனமான கிட்லேப்பின் பொறியாளர் ஒருவர் தவறான சேர்வரில் தரவுத்தளத்தை அழித்தார். ஐந்து வகைப் பெக்கப் ஏற்பாடுகள் இருந்தும் ஒன்றும் சரியாக இயங்கியிருக்கவில்லை. பதிப்பு பொருந்தாமல் நாள்தோறும் தோற்றுக்கொண்டிருந்த பிரதியை எவரும் கவனிக்கவில்லை. ஒருவர் தற்செயலாகச் சுமார் 6 மணிநேரத்துக்கு முன் எடுத்த பிரதியே அவர்களைக் காத்தது. உலகின் திறமையான பொறியாளர்களுக்கே இப்படி என்றால், மீட்டுப் பார்க்காத பெக்கப்பை எந்த அலுவலகமும் நம்பிவிடக் கூடாது. மாதம் ஒருமுறை, வெளித்தட்டை வேறொரு கணினியில் செருகி, சில கோப்புகளை எடுத்து, திறந்து, வாசித்து, திகதியோடு பதிவேட்டில் கையெழுத்திடுவது போதும். கணினி தெரிந்தவர்தான் செய்யவேண்டும் என்பதில்லை. பொறுப்பு ஒருவர் பெயரில் எழுதப்பட்டிருக்கவேண்டும். அவர் இடமாற்றம் பெற்றுப் போனால் அடுத்தவரிடம் கையளிக்கப்படவேண்டும்.

இலங்கையின் 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறருடைய விவரங்களை வைத்திருப்போர் அவை தொலையாமலும் காக்கவேண்டும் என்கிறது. வெளித்தட்டு பூட்டிய இடத்திலும், கடவுச்சொல்லால் மறையாக்கம் செய்த நிலையிலும் இருப்பது அதனால் அவசியம். அந்தக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, தட்டிலிருந்து வேறான இடத்தில் வைக்கவேண்டும்.

புதிய சேர்வர் வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கும் அலுவலகத்தார் அந்தத் தொகையின் முதற்பகுதியை இரண்டு வெளித்தட்டுகளுக்கும், ஒரு யூ.பி.எஸ். பற்றரிக்கும், தாய்ப்பலகைப் பற்றரிக்கும் செலவிடுங்கள். சேர்வர் அடுத்த ஆண்டு வரட்டும். முதல் பிரதியை அடுத்த வாடைக்காலம் தொடங்குமுன் எடுத்து, ஊருக்கு வெளியே அனுப்பிவிடுங்கள்.